கைப்பிடியின் பின்பக்கம்

பதுளை பசார் வீதியில் லீலாவின் துணிக்கடைக்கு வேலைக்கு வந்துபோகும் ஜெயந்தினிக்கு அரபு பேசத் தெரியும். குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்காரியாக இளமை முழுவதையும் கழித்துவிட்டு வந்தவள். தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அந்த அரபைப் பேச அவளுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஆள்தான். அதே வீட்டில், சமையலறைக்குப் பின்னால் இருந்த ஜன்னலில்லாத அறையில், அடுத்த கட்டிலில் படுத்தவள், உம்மு குல்தூம்.

உம்மு குல்தூம் பிலிப்பைன்ஸின் தெற்கே, ஏரிக்கரையில் இருக்கும் மராவி நகரத்துக்காரி. அந்தப் பக்கத்து முஸ்லிம்களை மோரோ என்பார்கள். ஜெயந்தினி நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லாமல்தான் அந்த வீட்டுக்குள் நுழைந்தார்கள். வீட்டம்மாளின் ஏச்சிலிருந்தே அரபைக் கற்றுக்கொண்டு, அந்த அரைகுறை அரபிலேயே ஒருத்திக்கொருத்தி எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தார்கள். ஒருவரையொருவர் 'உக்தி' என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். என் சகோதரி என்று அர்த்தம்.

ஜெயந்தினி ஊருக்குத் திரும்பியபோது, அவள் அனுப்பிய காசில் தோட்டத்துக்குக் கீழே கட்டிய வீடு நின்றது. வீட்டில் ஆள்தான் இல்லை. புருஷன் கூரை போட்ட வருஷமே வேறொருத்தியோடு அப்புத்தளைப் பக்கம் போய்விட்டான். மகன் பிரதீஷுக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை. தீபாவளிக்கு வருவான், தாயிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், போய்விடுவான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. வளர்ந்த வயதெல்லாம் அவனுக்கு அம்மா என்பது ஒரு தொலைபேசிக் குரல்தான்.

குவைத்திலேயே தங்கிவிட்ட உம்மு குல்தூமோடு பேசுவதற்கு ஜெயந்தினியிடம் ஒரு காரணம் இருந்தது. ஒரு வாள்.

மராவியில் சண்டை மூண்டபோது உம்மு குல்தூமின் தாய் உடுத்த துணியோடு ஓடித் தப்பியிருந்தாள். மாதங்கள் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்க்க அனுமதித்தபோது வீட்டில் பாதிச் சுவர் இருந்தது, பெட்டகம் திறந்து கிடந்தது. உள்ளே வைத்திருந்த கிரிஸ் வாளைக் காணவில்லை. உம்மு குல்தூமின் தகப்பனுக்கு அவருடைய தகப்பன் கொடுத்தது. பாம்பு நெளிவதுபோல் அலகு, காக்காத்துவாக் கிளியின் தலைபோல் செதுக்கிய கைப்பிடி, அதில் வெள்ளிக்கட்டு. "எடுத்தவன் அத வச்சு என்ன செய்யப் போறான், விப்பான். வித்தா இன்டர்நெட்டுலதான் வரும்," என்றாள் உம்மு குல்தூம். அன்றிலிருந்து இருவரும் தேடினார்கள்.

தேடத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்தச் சந்தையில் பொய் எவ்வளவு என்று. நூறு வருஷத்து மோரோ வாள் என்று போட்டிருக்கும். போன மாதம் அடித்ததாக இருக்கும். சின்ன வயதில் அந்த வாளை எலுமிச்சைச் சாறு விட்டுத் துடைத்து எண்ணெய் பூசுவது உம்மு குல்தூமின் வேலை. சாறு பட்டதும் அடுக்கடுக்காக மடித்து அடித்த இரும்பின் ரேகைகள் மரத்தின் வரிகள்போல் எழும்பி வருமாம். போலிகளில் அந்த ரேகை வராது, அல்லது மேலே அமிலத்தால் வரைந்திருப்பார்கள். அலகின் அடியில் இருக்கும் அகலமான பாகம் பழைய வாள்களில் தனித் துண்டு. போலியில் அந்த இடத்தில் ஒரு கோட்டைக் கீறி ஏமாற்றியிருப்பார்கள். துருவும் அப்படித்தான். காலம் தின்ற இரும்பு ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் வழவழவென்றும் இருக்கும். அமிலத்தில் முக்கியெடுத்த இரும்பில் அம்மைத் தழும்புபோல் எல்லா இடத்திலும் ஒரே குழி.

இதெல்லாம் ஜெயந்தினிக்கு நாளடைவில் கண்ணிலேயே ஏறிவிட்டது. பஸ்ஸில் வரும்போது பசறை வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனில் வாள்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். சந்தேகம் வந்த படத்தை அனுப்பிவிட்டு, உம்மு குல்தூமை அழைத்துக் கேட்பாள்.

"உக்தி, இது?"

"இல்ல. மரத்துக்கு சப்பாத்து பொலிஷ் பூசியிருக்கான் பாரு."

"இது?"

"இது பழசுதான். ஆனா எங்களோடது இல்ல."

அவர்களுடையதற்கு ஓர் அடையாளம் இருந்தது. கிளியின் மூக்கு நுனி உடைந்திருக்கும். சிறுமியாக இருந்தபோது உம்மு குல்தூமே கைதவறிக் கீழே போட்டது. ஒரு கலியாணத்தில் தகப்பன் அந்த வாளை இடுப்பில் செருகி நிற்கும் புகைப்படம் அவளிடம் இருந்தது. உடைந்த மூக்கு அதில் தெளிவாகத் தெரியும். போன வருஷம் அதை ஒரு முகநூல் குழுவில் போட்டு, கண்டவர்கள் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை கடையில் சாப்பாட்டு நேரம். ஜெயந்தினி துணிக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து போனைப் பார்த்தபடி சோற்றுப் பார்சலைப் பிரித்தவள் சோற்றை மறந்தாள். போன் திரையில், விற்பனைக்கென்று, மூக்கு நுனி உடைந்த கிளி. அதே நெளிவு, அதே வெள்ளிக்கட்டு. அப்படியே அனுப்பினாள். அடுத்த நிமிஷமே அழைப்பு வந்தது. உம்மு குல்தூமின் குரல் வரவில்லை, அழுகைதான் வந்தது. ஜெயந்தினியும் அழுதாள்.

"என்னா பிள்ள, வீட்டுல யாருக்கும் ஏதும் ஆயிருச்சா?" என்று லீலா ஓடி வந்தாள்.

"இல்லக்கா. நல்ல விசயந்தான்," என்றாள் ஜெயந்தினி. வாள் என்று சொன்னால் அதை எங்கிருந்து விளக்குவது?

அன்று மாலை வீட்டுக்கு வந்து, தேயிலை மலைமேல் பனி இறங்குவதைப் பார்த்தபடி படத்தை மறுபடி திறந்தாள். சந்தோஷமாகப் பார்க்கத்தான் திறந்தாள். ஆனால் பழகிய கண் சும்மா இருக்கவில்லை. குழிகள் எல்லாம் ஒரே அளவு. அடிப்பாகத்துக் கோடு ஒரு பக்கத்தில் விளிம்புவரை போகாமலே நின்றிருந்தது. உடைந்த மூக்கைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மரம் உடைந்தால் நார் பிய்ந்திருக்கும். இதில் அரத்தால் ராவியதுபோல் சமமாக இருந்தது.

விற்கிறவனுக்கு எழுதி, கைப்பிடியின் பின்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னாள். ஏனென்றால் வாள் விழுந்த அன்று மூக்கு மட்டும் உடையவில்லை. பின்பக்கம் கீறலும் விழுந்தது. தகப்பன் மகளை அடிக்கவில்லை. தன் சட்டையிலிருந்த சிப்பிப் பொத்தானைப் பிய்த்து, பிசின் வைத்து, அந்தக் கீறலின்மேல் பதித்தார். குவைத்தில் காய்ச்சலோடு கிடந்த ஒரு நாள் உம்மு குல்தூம் சொன்ன கதை அது. புகைப்படத்தில் பின்பக்கம் தகப்பனின் இடுப்போடு ஒட்டியிருந்தது; பார்த்தவர் எவருக்கும் பொத்தான் தெரிந்திருக்க வழியில்லை.

படம் வந்தது. பின்பக்கம் வெறும் மரம்.

யாரோ அந்த முகநூல் படத்தைப் பார்த்து, தேடுகிறவள் வாங்குவாள் என்று கணக்குப் போட்டு, அவளுக்கென்றே செய்திருக்கிறான். வாள் போலி என்பதைவிட, அதைத் தேடி எடுத்து அனுப்பியது தானே என்பதுதான் ஜெயந்தினிக்குத் தாங்க முடியவில்லை.

சொல்லாமல் இருக்க முடியுமா? மறுநாள் அழைத்துச் சொன்னாள்.

"பொத்தானா?" என்றாள் உம்மு குல்தூம். "அது வேற சாமானா இருக்கும். நான் அப்ப சின்னப்பிள்ள."

"நீதான் சொன்ன உக்தி. சட்டப் பொத்தான்னு."

"காய்ச்சல்ல என்னமோ உளறியிருப்பேன்."

"துருவையும் பாரு. நீ எனக்குக் காட்டித் தந்ததுதானே, எல்லாக் குழியும் ஒரே..."

"எங்க வாப்பாவோட வாள் எனக்குத் தெரியாதா? உனக்கா தெரியும்? உம்மாவுக்குக் கண் மங்கிக்கிட்டே வருது. அவ சாகுறதுக்குள்ள கையில குடுக்கணும். நீ என்னா, தேடிக்கிட்டே இருக்கணும்னு பாக்குறியா?"

போன் வைக்கப்பட்டது. கடைசிக் கேள்வி ஜெயந்தினியின் காதிலேயே நின்றது. அதில் உண்மை கொஞ்சமும் இல்லை என்று அவளால் சத்தியம் செய்ய முடியவில்லை. வாள் கிடைத்துவிட்டால் பிறகு எதைச் சொல்லித் தினமும் அழைப்பது என்று சனிக்கிழமையே, அழுகைக்கு நடுவிலேயே, ஒரு பயம் எட்டிப் பார்த்திருந்தது. அதற்காக அவள் அந்தப் பொத்தானை இட்டுக்கட்டவில்லை. ஆனால் அதை நிரூபிக்க யாரிடம் போவது?

பிறகு செய்தி இல்லை. இவள் அனுப்பிய குரல் பதிவுகள் கேட்கப்படாமல் கிடந்தன. மழைக்காலம் வந்து பசறைப் பாதையில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் ஓடவில்லை, வீட்டிலேயே இருந்தாள். பக்கத்து லயத்துப் பெரியாயி கீரை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "பேச்சுத் தொணைக்கு ஒரு டீவியாச்சும் வாங்கி வச்சுக்க," என்று சொல்லிப் போனாள். அடுப்படியில் நின்று கீரையைக் கழுவும்போது ஜெயந்தினி தனக்குத்தானே அரபில் ஏதோ சொல்லிப் பார்த்தாள். குரல் வெறும் அறைகளில் போய்விட்டுத் திரும்பியது. வெட்கமாக இருந்தது.

நோன்புப் பெருநாள் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது. பஸ் தரிப்பிடத்தில் நின்று காதோடு ஒட்டி வைத்துக் கேட்டாள்.

"உக்தி, லீவுல ஊருக்கு வந்திருக்கேன். அந்த வாள வாங்கிட்டேன், வந்திருச்சு. தூக்கின உடனே தெரிஞ்சுபோச்சு. நுனிப் பக்கமா இழுக்குது, சும்மா இரும்புத் துண்டு. எங்களோடது கையில இருக்குறதே தெரியாது. உம்மாக்கிட்ட குடுத்தேன். தடவிப் பாத்தா. பின்பக்கத்துல பெருவிரல வச்சுத் தேடினா. ரொம்ப நேரம் தேடினா. அப்புறம் என்னையப் பாத்து, 'நல்லா இருக்கு, சுவத்துல மாட்டு'ன்னா. எனக்காகத்தான் அப்படிச் சொன்னா. மாட்டிட்டேன். நீ சொன்னது சரி. இனிமே தேட வேணாம், என்னா? எனக்கு முடியல."

ஜெயந்தினி அழைத்தாள். இருவரும் சண்டையைப் பற்றிப் பேசவில்லை. என்ன சமைத்தாய், மழையா, மகன் வந்தானா. சொல்ல வேண்டியது சீக்கிரமே தீர்ந்துவிட்டது. "சரி உக்தி, வைக்கட்டா," என்றாள் உம்மு குல்தூம். போனை வைக்க அவள் முந்திக்கொண்டு கேட்டது இதுவரை நடந்ததேயில்லை. அடுத்த அழைப்பு பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து. அதற்கடுத்தது இன்னும் தள்ளி.

தேடுவதை நிறுத்தினாலும் போன் நிறுத்தவில்லை. திறந்தால் வாள்களாக வந்து விழுந்தன. ஒரு நாள் கடை சாத்தும் நேரம் ஒன்று வந்தது. அடிப்பாகம் தனித் துண்டு, இடைவெளியில் இருள். கைப்பிடியில் பிடிக்கிற இடம் மட்டும் தேய்ந்து மினுங்கியது. துரு ஒரு பக்கம் தின்று மறுபக்கத்தை விட்டிருந்தது. பொய் சொல்லாத வாள். எந்த வீட்டிலிருந்து போனதோ, யார் தேடுகிறார்களோ. அவள் வெகுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு உம்மு குல்தூமுக்கு அனுப்பினாள். 'உங்களோடது இல்ல. ஆனா நல்ல பழசு. அதான் அனுப்பினேன்.'

அன்று பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் லீலா பூட்டைத் தேடிக்கொண்டிருக்கையில் போன் அதிர்ந்தது.

'கைப்பிடி எங்க ஏரிக்காரங்களுது இல்ல. தெற்குத் தீவுக்காரங்க செதுக்குறது. மூக்க எப்படி வளைச்சிருக்கான் பாரு.'

ஜெயந்தினி கடை வாசல் தூணில் சாய்ந்துகொண்டு மூக்கைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"பஸ்ஸு போயிரும் பிள்ள," என்றாள் லீலா.

"போவட்டும்க்கா. அடுத்ததுல போறேன்," என்று சொல்லிவிட்டு, அவள் பதில் எழுதத் தொடங்கினாள்.