காய்வதற்கு ஏழு நிமிடம்

அன்று காலை பதினொரு மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: படம் வரையும் மென்பொருள் கம்பெனியை நடத்தும் அக்கா, மென்பொருளில் குறை கண்டுபிடித்து, அதற்கு எண் போட்டு, பட்டியலில் ஏற்றித் தீர்த்துக்கட்டுவதையே தொழிலாகக் கொண்ட அவள் கணவர், அதாவது மாமா, அந்த மென்பொருளில் நீர்வண்ணத் தூரிகைக்கு நிரல் எழுதிய அவள் தம்பி, குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரையும் ஓவியர் ஒருவர், கையில் சொட்டும் குடையோடு.

அறை அக்காவுடையது. ஒரு மேசை, நான்கு நாற்காலி, மேசை மேல் பெரிய சினிமா போஸ்டரில் பாதி அளவுக்கு வரைபலகை. அதன் கண்ணாடித் திரையின் மேல் பேனா போன்ற ஒன்றை வைத்து இழுத்தால் பென்சில் கோடு வரும், கரிக்கோடு வரும், மைத்தூரிகைக் கோடு வரும். இந்த மூன்றையும் எழுதி முடித்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. பாக்கி நீர்வண்ணம். அதற்காகத்தான் எல்லாமே காத்துக் கிடந்தது.

ஓவியர் தலையை ஆட்டினால் அவருடைய பதிப்பகமும் அதில் வரையும் பன்னிரண்டு பேரும் இந்த மென்பொருளுக்கு மாறுவார்கள். உதட்டைப் பிதுக்கினால் நீர்வண்ணம் இல்லாமலே மென்பொருள் வெளியே போகும். தம்பி எழுதிய அத்தனையும் குப்பைக்குப் போகும். அக்கா முந்தின நாளே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்.

"ரெண்டு வருஷம்டா. அம்மா வயித்துலகூட உனக்கு இவ்வளவு டைம் குடுக்கல."

தம்பிக்கு ஒரு காக்கா வரையக்கூடத் தெரியாது. ஆனால் தண்ணீரைப் பார்க்கத் தெரியும். ஆபீஸ் குளியலறையில் பலகை போட்டு, காகிதத்தின் மேல் வண்ணம் பூசி, அரை நிமிடத்துக்கு ஒரு முறை அந்தக் காகிதத்தைத் தராசில் வைத்து எடை பார்த்தான். எவ்வளவு தண்ணீர் காற்றில் போயிற்று, எவ்வளவு காகிதத்துக்குள் இறங்கிற்று என்று எழுதி வைத்தான். தராசு அக்கா வீட்டுச் சமையலறையுடையது. அது காணாமல் போனதற்கு வேலைக்காரியைச் சந்தேகப்பட்டு, அப்புறம் அக்கா அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. முந்நூறு காகிதத்துக்கு மேல் எடை போட்ட பிறகு அவனுக்கு ஒன்று புரிந்தது. படத்தைத் தூரிகை பாதிதான் போடுகிறது. மீதியைக் காகிதம் காய்ந்துகொண்டே போடுகிறது. அதனால் அவன் தூரிகையில் வண்ணம் நான்கு நிமிடம் ஈரமாக இருக்கும். அந்த நான்கு நிமிடமும் அது ஊரும், கலக்கும், ஓரத்தில் போய்த் தேங்கும்.

மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. குறை எண் இருநூற்றுப் பன்னிரண்டு என்று பட்டியலில் ஏற்றினார்: 'பாதி காய்ந்த இடத்தில் தண்ணீர் சொட்டினால் காலிஃபிளவர் மாதிரி அசிங்கமான கறை வருகிறது. அவசரம்.' தம்பி 'அது அப்படித்தான் வரும்' என்று எழுதிக் குறையை மூடினான். மாமா திறந்தார். அவன் மூடினான். பதினோராவது தடவை மாமா அதைத் திறந்தபோது இருவரும் ஒரே சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, வாய் பேசாமல், ஆளுக்கொரு போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள்.

ஓவியர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும். விரல் நகங்களின் ஓரமெல்லாம் நீலம்.

"பத்து நிமிஷம்தான். பதினொண்ணரை பஸ்ஸ விட்டா அடுத்தது ஒரு மணிக்குத்தான்."

"தாராளமா மேடம்," என்றாள் அக்கா.

அவர் பேனாவை எடுத்து, அகலமாக ஒரு நீலப் பூச்சு இழுத்தார். கை தானாக மேலே போய் நின்றது. பிறகு குனிந்து கண்ணாடியை மெல்ல ஊதினார்.

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊத வேணாம் மேடம். கண்ணாடிதான் அது."

"கை பழக்கம்," என்று அவரும் சிரித்தார்.

நீலத்தின் கீழ் ஓரத்தில் மஞ்சள் இழுத்தார். மஞ்சள் நீலத்தின் மேல் கத்தரித்து ஒட்டிய காகிதம் போல உட்கார்ந்தது. இன்னொரு முறை இழுத்தார். அதே. தம்பி குனிந்து திரையைப் பார்த்தான். இது அவன் தூரிகை இல்லை. பெற்ற பிள்ளையை வேறு யாரோ மொட்டையடித்துக் கூட்டி வந்து நிறுத்தினாற்போல் இருந்தது.

ஓவியர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்லா இருக்கு. செவுத்துக்கு பெயின்ட் அடிச்ச மாதிரி மழமழன்னு இருக்கு. எம் பொண்ணுக்குப் பிடிக்கும். அவளுக்கு ஆறு வயசு."

குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அக்காவின் முகம் இறுகிப் போயிற்று.

தம்பி அவரைத் தாண்டிப் போய் அமைப்புப் பக்கத்தைத் திறந்தான். காயும் நேரம்: பூஜ்யம்.

"யாரு இதத் தொட்டது?"

"நான்தான்," என்றார் மாமா. "காலைல. மேடம் எதுக்குக் காத்துக்கிட்டுக் கெடக்கணும்? நாலு நிமிஷம்னா சும்மாவா மச்சான்? எவன் உக்காருவான்? போட்ட உடனே காயுது பாரு. இருநூத்திப் பன்னெண்டும் ஒழிஞ்சுது."

முகத்தில் கொஞ்சம் குற்ற உணர்ச்சி இருந்தாலாவது திட்டலாம். மாமாவின் முகத்தில் பாராட்டுக்காகக் காத்திருக்கும் களைதான் இருந்தது. கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. வாடிக்கையாளரைக் காக்க வைப்பது பாவம் என்று இருபது வருடமாக நம்பி வந்த மனிதர், நம்பினபடியே செய்துவிட்டார். அவ்வளவுதான்.

தம்பி திட்டவில்லை. ஓவியர் பக்கம் திரும்பினான்.

"காகிதத்துல இப்படி ஒரு பூச்சு போட்டா காய எவ்வளவு நேரம் ஆகும் மேடம்?"

"அது வெயிலப் பொறுத்தது. இன்னிக்கு மாதிரி மழைன்னா ஏழு நிமிஷம்."

"ஏழுன்னே வைக்கிறேன்."

"ஏழா!" மாமா நெஞ்சில் கை வைத்தார். "அவங்களே கெளம்பிட்டாங்க, நீ வேற…"

"சும்மா இருங்க மாமா. மேடம், நீங்க ஏன் ஊதினீங்கன்னு எனக்குத் தெரியும். உக்காருங்க. மறுபடி போடுங்க. பஸ் போனா நான் கொண்டு விடுறேன்."

"வண்டி ஏது உனக்கு?" என்றாள் அக்கா.

"உன்னுதுல."

ஓவியர் கடிகாரத்தைப் பார்த்தார். குடையைக் கீழே வைக்காமலே பாதி உட்கார்ந்து, ஒரு நீலப் பூச்சு இழுத்தார். நீலம் இழுத்த இடத்தில் நிற்கவில்லை. மெதுவாகப் பரவிற்று. திரைக் காகிதத்தின் சொரசொரப்பில் தங்கித் தங்கி இறங்கிற்று. அவர் குடையை மேசையில் சாய்த்துவிட்டு முழுசாக உட்கார்ந்தார். கீழ் ஓரத்தில் மஞ்சளைத் தொட்டார். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போய், நடுவில் யாரும் போடாத ஒரு பச்சை வந்தது.

வரைபலகையை இரண்டு கையாலும் தூக்கிச் சாய்த்தார். வண்ணம் சரிவு பார்த்து ஓடிப் போய் அடி ஓரத்தில் தேங்கியது. இதைத் தம்பி யாரிடமும் சொல்லாமல் எழுதி வைத்திருந்தான். சொல்லியிருந்தால் இருநூற்றுப் பதின்மூன்று ஆகியிருக்கும்.

"இது எப்போ…" என்று மாமா ஆரம்பித்தார். அக்கா அவர் காலை மிதித்தாள்.

குடை சாய்ந்து விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. ஓவியர் பலகையைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடம். இரண்டு. ஒரு வாடிக்கையாளர் ஒன்றும் செய்யாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியை மாமாவால் தாங்க முடியவில்லை. பல் பிடுங்க உட்கார்ந்தவர் மாதிரி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று நிமிடம். நான்கு. நீலத்தின் பளபளப்பு மெல்லக் குறையத் தொடங்கியது.

அந்தப் பளபளப்புப் போகப் போகிற சமயம் பார்த்து, ஓவியர் பேனாவில் வெறும் தண்ணீரை எடுத்து, வானம் மாதிரி நின்ற நீலத்தின் அடியில் ஒரே ஒரு சொட்டு வைத்தார்.

சொட்டு விரிந்தது. வழியில் இருந்த நீலத்தைத் தள்ளிக்கொண்டு போய், ஓரமெல்லாம் கிழிந்து, கப்பும் கிளையுமாக நின்றது.

"அதான்! அதான் அந்தக் குறை!" என்று மாமா துள்ளி எழுந்தார்.

"வாய மூடுங்க சார்," என்றார் ஓவியர், திரும்பாமலே.

பக்கத்தில் இன்னொரு சொட்டு. கொஞ்சம் தள்ளிச் சின்னதாக இரண்டு. மழைக்கு அந்தப் பக்கம் தூரத்தில் நிற்கும் மரவரிசை வந்துவிட்டது. அவர் மரம் எதையும் வரையவில்லை. சொட்டு வைத்தார், அவ்வளவே.

"இத நான் கம்ப்யூட்டர்ல பாத்ததே இல்ல," என்றார். "கறைன்னு எல்லாரும் தொடச்சு எடுத்துடுறாங்க. எடுத்துட்டு வெறும் கலர விக்கிறாங்க. இத யாரு பண்ணினது?"

அக்கா வாய் திறக்குமுன் மாமா சொன்னார்: "எங்க மச்சான்தான் மேடம்." குரலில் இருந்த பெருமையைக் கேட்டால், பதினொரு தடவையும் கூட நின்று எழுதிக் கொடுத்தவர் என்றே யாரும் நினைப்பார்கள். பிறகு தம்பியின் காதருகே வந்து, "எப்படிடா பண்ணின?" என்றார்.

"ஒண்ணும் பண்ணல மாமா. நீங்க அழிக்கச் சொன்னத அழிக்கல."

"மேடம்," என்றாள் அக்கா. "அப்போ பதிப்பகத்துக்கு என்ன சொல்லட்டும்?"

"இப்ப போட வேண்டிய புக்கு இருபத்திநாலு பக்கம். அத இதுலதான் போடப்போறேன். மத்தவங்ககிட்ட நானே பேசிக்கிறேன். ஏழு நிமிஷத்த மட்டும் யாராவது கொறைச்சீங்க…" அவர் மாமாவைப் பார்த்தார். மாமா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

தம்பிக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. நன்றாகப் பசித்தது. இரண்டு வருடமாக அவன் பசித்துச் சாப்பிட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மேசையைக் குத்தினான். இன்னொரு தரம் குத்தினான். "டேய், பலகை!" என்று அக்கா கத்தினாள். கத்திக்கொண்டே அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள்.

"எல்லாரும் வெளிய போங்க," என்றார் ஓவியர்.

"மேடம், இது என் ரூம்," என்றாள் அக்கா.

"தெரியும். போங்க. அடுத்தது காயறதுக்குள்ள போட்டாகணும்."

அக்கா போனாள், போனையும் செருப்பையும் உள்ளேயே விட்டுவிட்டு. மாமா போனார். தம்பி வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தான். ஓவியர் ஒரு மலையைத் தொடங்கியிருந்தார், சாம்பல் நிறத்தில். அடிவாரம் இன்னும் நனைந்திருந்தது.

"நீங்களுந்தான் தம்பி. தோளுக்கு மேல நின்னா எனக்குக் கை ஓடாது."

அவன் வெளியே வந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. உள்ளிருந்து சாவி இரண்டு சுற்று திரும்பிற்று.