மூன்றாவது போல்ட்

"அழுத்தாதே," என்றது ஜன்னலுக்குள்ளிருந்து வந்த குரல். "அது போக்குல விடு."

அவள் ட்ரில்லில் கொடுத்த அழுத்தத்தைத் தளர்த்தினாள். கீச்சென்ற சத்தம் அடங்கி இரும்பு சுருள் சுருளாக உதிரத் தொடங்கியது. உள்ளே இருமல் கிளம்பி வெகுநேரம் நீடித்தது.

கட்டிலில் கிடந்தவர் அவள் கணவர். தெருவில் அவரைக் காதுக்காரர் என்பார்கள். வண்டி வாசலுக்கு வரும் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். பெண்டாட்டி பேச்சைத் தவிர மற்றதெல்லாம் அந்தக் காதில் விழும் என்பாள் அவள். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பி இருபது நாளாகிறது. ஷெட்டைப் பார்த்த ஜன்னலோரம் கட்டிலைப் போடச் சொன்னது அவர்தான்.

ஷெட்டில் நின்ற பழைய கார், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டருடையது. அவரைவிட ஏழெட்டு வயதுதான் அதற்குக் குறைவு. புகை வெளியேறும் மேனிஃபோல்ட் குழாயை என்ஜினோடு பிடித்திருந்த போல்ட்டுகளில் மூன்று முறிந்து, மிச்சம் உள்ளே சிக்கியிருந்தது. முறித்தது காதுக்காரரே. துருவேறிய போல்ட்டுக்கு முதலில் சூடு காட்ட வேண்டும் என்பது அவர் தூக்கத்திலும் மறக்காத விஷயம். அன்று மறந்து ஸ்பானரைப் போட்டுத் திருகிவிட்டார். மனுஷனுக்கு உடம்பில் ஏதோ சரியில்லை என்று அவளுக்கு முதலில் தோன்றியது அப்போதுதான்.

இரண்டு போல்ட்டுகள் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்து, ஆறவிட்டு, நட்டோடு சேர்த்துத் திருகி எடுத்துவிட்டாள். இருபது வருஷமாக அவரோடு ஷெட்டில் நிற்பவளுக்கு அது பெரிய வேலையில்லை. மூன்றாவதுதான் உள்ளே பள்ளத்தில் முறிந்திருந்தது. நட்டு வைக்க இடமில்லை. நட்டநடுவில் துளையிட்டு, எதிர்ப்புரி வெட்டிய எஃகுக் குச்சியை இறக்கித் திருப்ப வேண்டும். கடின எஃகான அந்தக் குச்சி உள்ளே முறிந்தால் எந்த ட்ரில்லும் அதைத் துளைக்காது.

சாகக் கிடக்கிறவன் பக்கத்தில் உட்காராமல் இரும்போடு என்ன மல்லுக்கட்டு என்று காலையிலேயே நாத்தனார் கேட்டாள். அவள் அண்ணனைப் பார்க்க வந்து நான்கு நாளாகிறது. சோறு வேண்டாம், மாத்திரை வேண்டாம், யாரையும் பார்க்க வேண்டாம் என்றவர் கேட்டது, அந்தப் போல்ட்டுகளை எடுத்துவிடு என்ற ஒன்றைத்தான். முடியாது என்று சொல்லவும் தெம்பு வேண்டும். இருபது நாளாகப் புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி, உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்து, அது அவளிடம் மிச்சமில்லை.

துளை முடிந்தது. குச்சியை இறக்கினாள். கால் திருப்பு நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். பிறகு டக்கென்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான்.

கையில் நின்ற பாதிக் குச்சியைப் பார்த்தபடி அவள் நின்றாள். ஜன்னலுக்குள்ளிருந்து அவர் கேட்டார்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சுங்க."

"கொண்டா, பார்ப்போம்."

ஏற்கெனவே கழற்றித் தட்டில் போட்டிருந்த இரண்டில் ஒன்றை எடுத்துத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அவர் உள்ளங்கையில் வைத்தாள். கட்டைவிரல் மெதுவாகப் புரியின்மேல் ஏறி, நுனியில் போய் நின்றது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதன் தலையில் நட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் பற்றவைத்த நட்டு. நேற்று அவரே வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்த போல்ட்.

விரல் அந்த நட்டை ஒரு சுற்றுச் சுற்றியது.

"நல்லா வந்திருக்கு," என்றார். "போ. குளிச்சிட்டுச் சாப்பிடு. போதும்."

சரி என்றாளே தவிர அவள் எழுந்திருக்கவில்லை. கால்மாட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று மணிக்கு மேல் மூச்சு விட்டு விட்டு வருவதை முதலில் கவனித்தவள் நாத்தனார்தான். அண்ணி என்று மெல்லக் கூப்பிட்டாள். இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

போல்ட்டை அவர் விரலிலிருந்து பிரித்து நாத்தனார் ஜன்னல் விளிம்பில் வைத்தாள். ஆட்கள் வந்தார்கள். நாற்காலிகள் வந்தன. சொல்ல வேண்டியவர்களுக்குப் போனில் சொல்லிச் சொல்லி இவளுக்குத் தொண்டை கட்டியது.

போஸ்ட்மாஸ்டர் ஐந்து மணிக்கு வந்தார். உள்ளே போய் நின்றுவிட்டு வந்தவர் கார் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"ரெண்டு எடுத்தாச்சு சார். மூணாவதுல குச்சி முறிஞ்சிருச்சு. நான்தான் முறிச்சேன்."

"அதுக்கென்னம்மா இப்ப."

"அவர்கிட்ட வந்துடுச்சுன்னு சொல்லிட்டேன்."

போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

கூடத்துப் பெஞ்சில் இடம் காலியாக இருந்தது. அவள் போய் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்தாள். காலையில் ஷெட்டுக்குள் போகும்போது போட்ட பூட்ஸ் இன்னும் காலில்தான் இருந்தது. வந்தவர்கள் யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கண் சொருகும் நேரத்தில் யாரோ அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பது தெரிந்தது. நாத்தனார். கிரீஸ் ஊறிய முடிச்சு லேசில் விடவில்லை. அவள் நகத்தால் நெம்பி நெம்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் கண்ணைத் திறக்காமல் காலை மட்டும் கொஞ்சம் முன்னால் நீட்டிக் கொடுத்தாள்.