பதினெட்டு ஜெர்மன் குண்டுகள்

சாமிக்கண்ணுவுக்குக் கோபம் வந்துவிட்டால் கண்மண் தெரியாது. அன்று அதில் மாட்டிக்கொண்டவர் நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த பன்னீர்செல்வம்.

ஒரு மாதமாக அவன் சைக்கிளின் பின்சக்கரம் ஆட்டம் கண்டிருந்தது. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பைக் கழற்றினால், உள்ளே இருந்த பால்ரஸ் குண்டுகள் அத்தனையும் அரித்துச் சொத்தையாகிக் கிடந்தன. பன்னீர்செல்வம் புதுக் குண்டு எடுக்கத் தகர டப்பாவைத் திறந்தார்.

"டப்பாவ மூடுங்க" என்று சாமிக்கண்ணு மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தான். பளபளவென்று பதினெட்டுக் குண்டுகள். சுரங்கத்தில் பர்மனென்டாக இருக்கும் அவன் மச்சான் பெரியண்ணன் கொடுத்தது. நிலக்கரி ஓடும் பெல்ட்டின் உருளையிலிருந்து கழித்துப் போட்ட பேரிங்கை உடைத்து எடுத்தவை. "ஜெர்மன் சாமான். என் ஆயுசுக்கும் தேயாதாம்."

சுரங்க மெஷின்கள் ஜெர்மனியிலிருந்து வந்திறங்கிய நெய்வேலியில், ஜெர்மன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு ஜெர்மன் என்று விற்றாலும் வாங்குகிற ஊர் அது.

பன்னீர்செல்வம் ஒரு பக்கத்துக்கு ஒன்பதை வைத்துப் பார்த்தார். "ஒன்னோட ஒன்னு இடிச்சுக்கினு நிக்குது பாருங்க. முடியளவு பெருசு. உருளறதுக்கு எடம் வோணும். எங்கிட்ட இருக்கறதையே போட்டுக்கினு போங்க."

"உன் சரக்கு விக்கணும், அதான? திருட்டுப் பொழப்பு!"

டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பன்னீர்செல்வத்தின் முகம் கறுத்துவிட்டது. கிரீஸ் தடவி, ஜெர்மன் குண்டுகளையே போட்டு முடுக்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சுரங்கத்துக் காண்ட்ராக்டர் ஷெட்டில் பெயர் கூப்பிடுகிறார்கள். எட்டு வருஷமாகக் காண்ட்ராக்டில் கிடந்து மாரடித்தவனுக்கு, பர்மனென்ட் பட்டியலில் இடம் வரப்போகிற நாள். கூப்பிடும்போது ஆள் எதிரில் நிற்க வேண்டும். இல்லையென்றால் அடுத்தவன் பெயர்.

கம்மாபுரம் பக்கத்திலிருந்த தன் வீட்டிலிருந்து விடியும் முன்பே கிளம்பினான். நாலு மைல் தாண்டியதும் சக்கரம் கிறீச்சிட்டது. அப்புறம் அப்படியே இறுகி நின்றுவிட்டது. மிதித்தான், உதைத்தான், சைக்கிளின் அம்மாவையும் அக்காவையும் இழுத்துத் திட்டினான். பின்பக்கத்தைத் தூக்கிப்பிடித்துத் தள்ளிப் பார்த்தான். கடைசியில் வண்டியைப் பள்ளத்தில் எறிந்துவிட்டு ஓடினான். ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழே கால். மூன்று தரம் கூப்பிட்டாயிற்று என்றார்கள். அவன் இடத்தில் வேறொருவன் கைரேகை வைத்துக்கொண்டிருந்தான்.

பன்னீர்செல்வத்தின் முகத்தில் எப்படி விழிப்பது? நேராக மச்சானின் குவார்ட்டர்ஸுக்குப் போனான். பெரியண்ணன் கையில் காப்பி டம்ளரோடு வெளியே வந்தான்.

"உன் குண்டு என் குடியக் கெடுத்துடுச்சு மச்சான்! சக்கரம் புடிச்சிக்கிச்சு. பேரு போச்சு!"

"அடடா, உனக்கும் புடிச்சிக்கிச்சா?" என்றான் பெரியண்ணன். "போன வருசம் என் வண்டியில போட்டன் மாப்ளே, ரெண்டே நாள்ல இப்படித்தான் நின்னுப்புடுச்சு. கழட்டிட்டு, கடையில புதுசு வாங்கிப் போட்டுக்கினேன். நல்ல சாமானாச்சே, தூக்கிப் போட மனசு வரல. வூட்டுல சும்மா கெடக்குதேன்னு உனக்குக் குடுத்தன்."

சாமிக்கண்ணு ஓர் எட்டு கிட்டே வந்தான்.

"எனக்கு அன்னிக்கு அர நாள் லீவு போச்சு. நீயும் ஒரு நாள் லீவு சொல்லிட்டு, நாளைக்கு வந்து பேர எழுதிக்கறதுதான?"

லீவாம்! வேலைக்குப் போகாத நாளில் உலை வைக்காத வீடு சாமிக்கண்ணுவினுடையது. அவன் பாய்ந்து டம்ளரைத் தட்டிவிட்டான். காப்பி பெரியண்ணனின் வெள்ளை பனியன் முழுக்கக் கொட்டியது.

"உனக்கு ஒதவாததத்தான் எனக்குக் குடுப்பியா?" என்று கத்தினான்.

பெரியண்ணன் பனியனைப் பிடித்து உதறிக்கொண்டே, "நல்லது செஞ்சா இந்தக் காலத்துல மரியாத ஏது?" என்றான். அதை அவன் மனசார நம்பித்தான் சொன்னான்.