ப்ராபப்ளிக்கு அர்த்தம்

பஞ்சை நனைத்து மனைவியின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தார் பிளம்பர். அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“டாக்டர் வாசல்ல நின்னு என்ன சொன்னார்?”

“என்ன சொல்லுவார், நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. டாக்டர் சொன்னது, “ப்ராபப்ளி டுடே.” இரண்டே வார்த்தை. போன மாதமாக இருந்தால் புரியாமல் தலையாட்டிவிட்டு உள்ளே வந்திருப்பார். அம்மாவுக்கு வலி மறக்கட்டும் என்று, வெளியூரில் வேலை பார்க்கும் மகள் தினம் காலையில் ஓர் ஆங்கில வார்த்தையைப் போனில் அனுப்புவாள். மத்தியானத்துக்குள் ஆளுக்கொரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். போன செவ்வாய்க்கிழமை வந்த வார்த்தை அதுதான். “தி பைப் வில் ப்ராபப்ளி லீக்” என்று இவர் சொல்ல, “நீங்க ரிப்பேர் பண்ணின பைப்பா?” என்று கேட்டு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது இன்று.

“ஜன்னல் திறந்துதாங்க இருந்துச்சு. எனக்கும் கேட்டுச்சு. அதுக்கு அர்த்தம் என்ன?”

“ஒருவேளை.”

“தப்பு. ஒருவேளைன்னா நடந்தாலும் நடக்கும், நடக்காமலும் போகும். இது அப்படி இல்ல. அநேகமா நடக்கும்.” மூச்சு வாங்கியது. “பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்க?”

“அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல, முடிஞ்சா ஒரு எட்டு வந்துட்டுப் போன்னேன். ஞாயித்துக்கிழமை வரேன்னா.”

இன்று வியாழன். அவள் கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள். கோபம் இல்லை, பயம். மகளைப் பார்க்காமலே போய்விடுவோமோ என்கிற பயம்.

“போன் பண்ணுங்க. டாக்டர் சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

யார் வீட்டுக் குழாய் எப்போது சரியாகும் என்று கேட்டாலும் ‘இதோ, பத்து நிமிஷம்’ என்று சொல்லிப் பழகிய வாய். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வதற்குள் மூன்று தடவை செருமவேண்டியிருந்தது. மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “கிளம்பிட்டேன்ப்பா” என்றாள் மகள்.

போனை வைத்தவரை மனைவி விடவில்லை.

“இப்ப நீங்க ஒரு வாக்கியம் சொல்லுங்க.”

“இப்பவா?”

“இப்பத்தான்.”

அவர் யோசித்தார். “ஐ வில் ப்ராபப்ளி க்ரை.”

அவள் உதடு லேசாக விரிந்தது. “அதுல அந்த வார்த்தை வேண்டாம். எடுத்துடுங்க.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் அழ ஆரம்பித்திருந்தார். அவள் கையை நீட்டி அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மகள் மூன்றரை மணிக்கு வந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து, அம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைத்து ஏதேதோ பேசினாள். அம்மா இரண்டு தடவை பதில் சொன்னாள். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் மூச்சு நின்றது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். மகள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் ஐடி கார்டு இன்னும் அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பிளம்பர் அருகே போய், கூந்தலில் சிக்காமல் அந்த நாடாவை மெல்லத் தூக்கித் தலை வழியாகக் கழற்றினார்.