ஏணியைப் பிடித்தவள்

சவப்பெட்டியின் மேல் தம்பி விரித்த கட்சிக்கொடியை அவள் உருவி எடுத்து, மடிக்கக்கூட இல்லாமல் அவன் கையிலேயே திணித்தாள். உள்ளே கிடந்த புருஷன் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். எந்தக் கட்சி கூப்பிட்டாலும் போவார். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று அவளிடம்கூட வாய் திறந்ததில்லை.

ஓட்டு எண்ணி முடிந்ததும் நாங்கள்தான் ஜெயித்தோம் என்று இரண்டு கட்சியும் குதித்தன. வெற்றிக் கூட்டத்துக்கு இரண்டும் அவரையே கூப்பிட்டன. பாவி மனுஷன், ஒரே கம்பத்தில் இந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர் குழாய், அந்தப் பக்கம் ஒரு குழாய் கட்டிச் சமாளித்துவிடலாம் என்று மழை ஈரத்தில் ஏறினார். ஏணி சறுக்கியது.

நேற்றுவரை “டேய் மைக்செட்டு” என்று கூப்பிட்டவர்களுக்கு இன்று அவர் தியாகி. வாசல் முழுக்கத் தம்பியின் ஆட்கள். துக்கம் விசாரிக்க வருகிறவன் எவனாவது கையில் தடியோடு வருவானா? முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளக்கூடத் தெரியாத ஜென்மங்கள்.

தம்பி அவள் காதோரம் குனிந்தான். “அக்கா, அவனுங்கதான் ஏணிய உதைச்சாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்.”

மிச்சம் என்னவென்று அவளுக்குத் தெரியும். எதிர்க்கட்சிக்காரர்கள் தெரு வழியாகப் பெட்டி போகும். பின்னாலேயே தீ வைப்பார்கள். அதற்கு இவள் வாய் வேண்டுமாம். பிறந்த வீடு என்று அவளுக்கு மிஞ்சியிருந்தது இந்தத் தம்பி ஒருவன்தான். அவனும் இப்படி.

வாசலுக்கு வந்து நின்றாள்.

“யாரும் உதைக்கல. ஏணியப் பிடிச்சிட்டிருந்தது நான். என் கைதான் வழுக்குச்சு. அடிக்கணும்னா என்னை அடிங்க.”

கட்டின புருஷனை விழவிட்டவள் என்று ஒருவன் முணுமுணுத்தான். அவர் விழுந்த நொடியிலிருந்து அவள் மனசு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இவனிடம் கேட்டுத்தான் தெரிய வேண்டுமா என்ன?

தம்பி கொடியைச் சுருட்டினான். “இனிமே எனக்கு அக்காவும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

தியாகி இல்லை என்றானதும் கூட்டத்துக்கு வெயில் உறைத்தது. ஒருவனுக்கு அவசர வேலை, இன்னொருவனுக்கு இடுப்புவலி. தடி தூக்க வந்த ஒருத்தனுக்கும் பெட்டி தூக்கத் தெம்பில்லை. மிஞ்சியது மருமகன், பக்கத்து வீட்டு டெய்லர், பெட்டியைக் கொண்டுவந்த வண்டி டிரைவர். மூன்று பேர்.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நாலாவது மூலைக்குத் தோள் கொடுத்தாள். அவள் குள்ளம். பெட்டி அவள் பக்கம் சாய்ந்தது. மற்ற மூவரும் முட்டியை மடக்கி, அவள் உயரத்துக்குக் குனிந்து நடந்தார்கள்.