மோஸ்பிக்குப் போகும் பஸ்

லண்டன் செவன் கிங்ஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நின்ற பஸ்ஸின் வயிற்றுக்குள் இராசரத்தினம் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசியாக இறங்குகிறவர் அவர் என்பதால் தன் பையை எப்போதும்போல் அடியில் வைத்தார். பயணிகளில் ஒருத்தியான நகுலேஸ்வரியின் பலகாரப் பெட்டி நசுங்காமல் மேலே போனது. வேயர்ஹவுஸ் வேலை முதுகு நோவோடு போனபிறகு கோடைக்குச் சனத்துக்கு இடம் காட்டிக் கதைக்கும் இந்த டென்மார்க் ஓட்டம்தான் அவருக்குப் பிழைப்பு.

டென்மார்க்கில் மோஸ்பி என்ற அந்தக் கிராமத்தில் ஒரு கடைகூட இல்லை. ஆனாலும் அவர் கதைத்தால் சனம் இறங்கிப் பார்க்கும். தேவாலயக் கூரையில் தொங்கும் மரக்கப்பல், வயல் நடுவே உழவுக்கு விலகாமல் கிடக்கும் ஆதிகாலக் கற்கல்லறை, லண்டனுக்கு வருமுன் அவர் வேலை செய்த பன்றிப் பண்ணை. "பன்றியளோடதான் டேனிஷ் கதைச்சுப் பழகினனான். அதுகள் ஒருநாளும் பிழை பிடிக்கேல்லை" என்பார். ஒவ்வொரு முறையும் சிரிப்பு எழும்பும்.

இந்த பஸ் ஓட்டத்தை நடத்தும் நிஷாந்தனும் அதே பண்ணையில் நின்றவன்தான். வந்த புதிதில் அவனுக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு இராசரத்தினம் நிலத்தில் படுத்தார். போன பங்குனியில் அவருக்குத் தொண்டை கட்டியபோது தேன் போத்தலோடு வந்து நின்றான். பஸ்ஸில் கத்திக் கத்தித்தான் இப்படி ஆனது, சுகமானதும் எல்லாவற்றையும் ஒருக்கா ஃபோனில் பதிந்து தாருங்கள், குரல் அடைக்கிற நேரம் போடலாம் என்றான். இவரும் தேவாலயத்தில் தொடங்கி ஒவ்வொரு இடமாக, சனம் வழமையாகக் கேட்கும் கேள்விகளுக்கும் பதில் வைத்து, ஆறுதலாகச் சொல்லிக் கொடுத்தார்.

கதவை அடித்து மூடிவிட்டு ஏறப் போனார். டிரைவருக்குப் பக்கத்தில் அவர் வழமையாக இருக்கும் சீற்றில் யாரோ ஒரு பெண் இருந்தாள். நிஷாந்தன் படியில் நின்றான்.

"சீற் எல்லாம் நிரம்பிட்டுது அண்ணை. இந்த முறை வீட்டில ஆறுதலா இருங்கோ."

"அப்ப அங்க ஆர் கதைக்கிறது?"

"நீங்கள்தான்." அவன் கண் ஃபோனிலேயே இருந்தது.

"பிறகேன் என்னைக் கூப்பிட்டனீ?"

"உங்களைப்போல ஆருக்கு அண்ணை பெட்டி அடுக்கத் தெரியும்?"

இராசரத்தினம் பஸ்ஸின் வயிற்றைக் காட்டினார். "என்ர பை அடியில கிடக்குது."

"திரும்பி வரேக்க எடுப்பம்."

கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்பீக்கர் தொண்டையைச் செருமியது. அது அவருடைய செருமல்.

"எல்லாரும் ஏறிட்டியளோ? பக்கத்து சீற்றை ஒருக்காப் பாருங்கோ. ஒருத்தரையும் விட்டிட்டுப் போற பழக்கம் எங்களிட்ட இல்லை."

நகுலேஸ்வரி பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். பின்னால் இருந்தவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் இருந்தார்கள். பஸ் புறப்பட்டது.