கண் அசந்த நேரம்

வெளிநாடு போகிறவர்கள் பெட்டி பெட்டியாக எதையெதையோ தூக்கிக்கொண்டு போவார்கள். என் தம்பி ஸ்னூக்கர் போட்டிக்காக, பந்தைத் தள்ளுகிற க்யூ கோல் வைத்த நீளமான பெட்டி ஒன்றையும் எங்கள் ஊர்த் தூக்கத்தையும் கொண்டுவந்திருந்தான். வந்து ஒரு வாரம் ஆகப்போகிறது, அந்தத் தூக்கம் இந்த ஊர் நேரத்துக்கு மாறுவேனா என்றது. ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட முழித்திருப்பான். மதியம் ஆனால் நின்றபடியே கண் சொக்கும்.

பத்தொன்பது வயதுக் கழுதைக்குத் துணைக்கு ஆள் எதற்கு என்று நானும்தான் கேட்டேன். அம்மா விடவில்லை. பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கும் என்னை லீவு போட வைத்து, "அவன் சாப்பிட்டானா தூங்கினானான்னு மட்டும் பாரு, போதும்" என்று ஏற்றிவிட்டாள். சாப்பிட வைத்தேன். தூங்க வைக்க என்னால் முடியவில்லை.

இந்தப் போட்டியில் ஜெயித்தால் பெரிய ஆட்டக்காரர்களோடு ஆட இரண்டு வருஷத்துக்கு இடம் கிடைக்கும். தோற்றால் அப்பாவின் பேட்டரிக் கடை. அப்பா கெட்டவர் இல்லை. "படிப்பையும் விட்டாச்சு, நானும் பொறுத்துப் பாத்துட்டேன். இந்தத் தடவை கிடைக்கலேன்னா கடைக்கு வந்துடுப்பா" என்று கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். இவனும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டான். கொடுத்த வாக்கை மீறுகிற ஜென்மம் இல்லை அது.

கூட வந்தவன் நெட்டையன். இவனோடு ஒரே கிளப்பில் ஆடுகிறவன், ஒரே அறையில் தங்கியிருந்தான். முதல் ஆட்டத்திலேயே அவன் கதை முடிந்துவிட்டது. எதிராளி ஆடிக்கொண்டிருந்தபோது நாற்காலியில் உட்கார்ந்தபடி குறட்டை விட்டிருக்கிறான். ரெஃபரி தோளைத் தட்டியதும் அலறியடித்து எழுந்து, எதிராளியின் க்யூவையே பிடுங்கப் போயிருக்கிறான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்ததாம். அறைக்கு வந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதான். நானும் சிரித்துத் தொலைத்தேன், பாவம்.

அன்றிலிருந்து தம்பியைப் பகலில் படுக்கவே விடவில்லை. வெயில் பட்டால் உடம்பு சீக்கிரம் பழகிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அறைக்குக் கீழே இருந்த சலவைக் கடையிலிருந்து பஸ் டிப்போவரைக்கும் நடத்திக் கூட்டிப்போனேன். "கண்ணை மூடினே, கிள்ளி வச்சிடுவேன்" என்றேன். "கிள்ளு அக்கா, வலிச்சாவது முழிச்சிருக்கேன்" என்று கையை நீட்டினான். ஒவ்வொரு ஆட்டமாகத் தட்டுத் தடுமாறி ஜெயித்துக் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டான்.

அது மதியம். எங்கள் ஊரில் எல்லோரும் போர்த்திக்கொண்டு தூங்குகிற நேரம். ஆட்டம் சமநிலையில் கடைசிச் சுற்றுவரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. மேஜையில் மிச்சம் பிங்க் பந்தும் கறுப்புப் பந்தும். பிங்க்கைக் குழியில் போட்டால் இவனுக்கு ஜெயம். நேரான பந்து. எனக்கே போடத் தெரியும் போலிருந்தது. குனிந்தான். வெள்ளைப் பந்துக்குப் பின்னால் க்யூவை முன்னும் பின்னும் ஆட்டிக் குறிபார்த்தான். திடீரென்று உடம்பு ஒரு முறை உலுக்கியது. நிமிர்ந்தான். ரெஃபரியிடம் போய், குறிபார்க்கும்போதே க்யூ வெள்ளைப் பந்தில் பட்டுவிட்டது, ஃபவுல் என்று சொல்லிவிட்டான்.

ரெஃபரி எதையும் கவனிக்கவில்லை. எதிராளி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். இந்த ஆட்டத்தில் அப்படி ஒரு வழக்கம்: யாரும் பார்க்காத தப்பை ஆடுகிறவனே சொல்லிவிட வேண்டும். அடப்பாவி, இன்றைக்கா அந்த வழக்கம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிராளிக்கு ஆறு புள்ளி, ஆடுகிற முறையும் அவனுக்கே. பிங்க்கைப் போட்டான். கறுப்பையும் போட்டான். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள், ஜெயித்தவனைவிட என் தம்பிக்கு அதிகமாக. கைதட்டலை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா?

வராந்தாவில் நெட்டையன் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அக்கா, நீங்க சத்தம் போடாம இதைப் பாருங்க."

ஃபோனை நீட்டினான். மேஜைக்கு மேலே இருந்த கேமராவில் பதிவானது. கிட்டத்தில் காட்டினார்கள். என் தம்பியின் கை உலுக்குகிறது, க்யூ நடுங்குகிறது. நுனிக்கும் வெள்ளைப் பந்துக்கும் நடுவே இடைவெளி பளிச்சென்று தெரிகிறது. படவே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு தடவையாவது பட்டுத் தொலைக்கக் கூடாதா என்று பார்த்தேன்.

அதற்குள் அப்பா முழித்து, முடிவைப் பார்த்துவிட்டு ஃபோன் பண்ணிவிட்டார். "அவனைத் திட்டாதேம்மா. கடையில அவனுக்கு நல்ல நாற்காலியா ஒண்ணு வாங்கிப் போட்டுடறேன்" என்றார்.

அறையில் திரையை இழுத்துவிட்டு, போட்ட கோட்டோடு படுத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, குறி பாக்கறப்ப ஒரு நிமிஷம் கண் அசந்துட்டேன். தூக்கிவாரிப் போட்டுச்சு. பட்டுச்சா இல்லையான்னு எனக்கே தெரியல."

"தெரியலைன்னா வாயை மூடிட்டு ஆட வேண்டியதுதானேடா!"

"எப்படிக்கா? பட்டிருந்தா? அப்புறம் காலம் பூரா அந்த மேஜைகிட்ட எப்படிப் போய் நிப்பேன்?"

அவன் என் பக்கம் திரும்பி, கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டான்.

"நீ கண் கொட்டாம பாத்துட்டுதானே இருந்தே. பட்டுச்சுதானே?"

வாய் கூசவில்லை எனக்கு.

"பட்டுச்சுடா. நல்லாவே பட்டுச்சு. நான் பாத்தேன்."

"அப்பாடா" என்றான்.

அவ்வளவுதான். அடுத்த மூச்சு இழுப்பதற்குள் தூங்கிவிட்டான். நாளைக்கு எவனாவது அந்த வீடியோவை அவனுக்கு அனுப்பத்தான் போகிறான். அவன் ஃபோனை எடுத்து அணைத்து என் பைக்குள் போட்டுக்கொண்டு, எழுப்ப மனசில்லாமல் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.